வடிகட்டியில் நில்லாதது

ஆர்.ஓ. இயந்திரங்கள் வருவதற்கு முன்பு பல வீட்டுச் சமையலறைகளில் எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று இருக்கும். மேல் அடுக்கில் ஊற்றிய தண்ணீர், வெள்ளைக் கேண்டில்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழ் அடுக்குக்கு இறங்கும். அவ்வப்போது கேண்டிலைக் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்க்கும்போது பழுப்பாக வழியும் அழுக்கைப் பார்த்தால், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்ற திருப்தி வரும். ஆனாலும் ஊரில் மஞ்சள் காமாலை பரவுகிறது என்றால் டாக்டர்கள் சொல்வது ஒன்றுதான்: ஃபில்டர் தண்ணீராகவே இருந்தாலும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். மண்ணையும் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் பிடித்துவைக்கும் கேண்டில், எதைக் கோட்டை விடுகிறது?

வைரஸ் என்று ஒன்று உண்டு என்பதை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது இந்தக் கேள்விதான். கேட்கப்பட்டது குடிநீரைப் பற்றியல்ல, புகையிலைச் சாற்றைப் பற்றி. கருவி ஏறக்குறைய இதே கேண்டில். நுண்ணோக்கிக்கு இந்தக் கண்டுபிடிப்பில் பங்கே இல்லை என்று சொல்லிவிடலாம். வைரஸின் உருவத்தைப் படமாகப் பார்த்தது 1930களின் கடைசியில். அது இருந்தே தீர வேண்டும் என்று தெரிந்தது 1890களில். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள், கண்ணுக்குச் சிக்காத ஒன்றைப் பற்றி வெறும் சோதனையையும் தர்க்கத்தையும் வைத்துக்கொண்டு மனிதர்கள் வாதாடிய காலம்.

அந்தக் கேண்டிலின் மூதாதை 1884-ல் பாரிஸில் பிறந்தது. லூயி பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஷார்ல் ஷாம்பர்லான், மெருகு பூசாத பீங்கானைக் குழாயாக வார்த்தார். பாக்டீரியா கலங்கிய நீரை அதன் வழியாக அழுத்திச் செலுத்தினால், மறுபக்கம் வருவதில் பாக்டீரியா இருக்காது. வீட்டுக் குடிநீருக்காகவும் விற்றார்கள். ஆய்வாளர்களுக்கோ அது வேறொரு வகையில் பெரிய வரம். நோயைத் தருவது கிருமியா, கிருமி கக்கும் நஞ்சா என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. 1888-ல் எமில் ரூவும் அலெக்சாண்டர் யெர்சினும் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பாக்டீரியா வளர்ந்த குழம்பை இப்படி வடிகட்டி, பாக்டீரியாவே இல்லாத வடிநீரை விலங்குகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். விலங்குகள் செத்தன. ஆக, அந்த பாக்டீரியா நீரில் கரையும் நஞ்சைச் சுரக்கிறது என்று தெரிந்தது. இந்தச் சோதனையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு நல்ல ஆய்வாளரைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டது இதுதான்.

அது பாக்டீரியாக்களின் பொற்காலம். காசநோய்க் கிருமியை 1882-ல் ராபர்ட் காக் கண்டுபிடித்திருந்தார். அவர் வகுத்த வழி எல்லோருக்கும் பாடமாகிவிட்டது: நோயாளியின் உடலில் கிருமியை நுண்ணோக்கியில் பார், அதைத் தனியே எடுத்துச் சத்துக்கூழில் வளர்த்துக் காட்டு, வளர்த்ததை ஆரோக்கியமான விலங்குக்குக் கொடுத்து அதே நோயை வரவழை. இந்த வழியில் ஒன்றன்பின் ஒன்றாக நோய்கள் சிக்கின. சிக்காதவையும் இருந்தன. வெறிநாய்க்கடிக்கு 1885-ல் தடுப்பூசியே போட்டுக் காட்டிய பாஸ்டர், அதன் கிருமியைக் கடைசிவரை பார்க்கவில்லை. பெரியம்மைக்கு ஜென்னர் வழி கண்டது 1796-ல். அதன் காரணம் நூறு ஆண்டு கழித்தும் மர்மம். நம் ஊரிலும் கிண்டி கிங் நிலையத்தில் அம்மைப்பால் தயாரித்தார்கள், 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்தார்கள். எதை எதிர்த்துச் செய்கிறோம் என்று கண்ணால் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

இனி புகையிலைக்கு வரலாம். நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரைச் சுற்றிய வயல்களில் அன்று புகையிலை நல்ல பணப்பயிர். அதில் ஒரு நோய் வந்தது. இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுகள், பிறகு சுருக்கம், வளர்ச்சிக் குறைவு. மரவள்ளியிலும் வெண்டையிலும் நம் விவசாயிகள் பார்க்கும் தேமல் நோயின் சாயலே. அங்குள்ள வேளாண் ஆய்வு நிலையத்தை நடத்திய ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் மாயர் 1879-ல் இதைக் கையில் எடுத்தார். மண்ணைச் சோதித்தார், உரத்தைச் சோதித்தார், வெளிச்சத்தையும் சூட்டையும் மாற்றிப் பார்த்தார், பூஞ்சை உண்டா, புழு உண்டா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு, நோய் கண்ட இலையை அரைத்து அந்தச் சாற்றை மெல்லிய கண்ணாடிக் குழாய் மூலம் நல்ல செடியின் இலை நரம்பில் ஏற்றினார். பத்துக்கு ஒன்பது செடிகளில் தேமல் வந்தது. ஆக, இது தொற்று. சாற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் வீரியம் குறையவில்லை. 80 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால் போய்விட்டது. உயிருள்ள ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்று நினைக்க இது போதும்.

1886-ல் தன் முடிவுகளை வெளியிட்ட மாயர், காரணம் ஒரு பாக்டீரியாவாகத்தான் இருக்கும் என்றார். அவரால் அதை வளர்க்க முடியவில்லை, நுண்ணோக்கியில் அடையாளம் காட்டவும் முடியவில்லை. இருந்தும் வேறு என்ன சொல்வது? தொற்றுநோய் என்றால் ஒன்று பாக்டீரியா, இல்லையென்றால் பூஞ்சை அல்லது ஒட்டுண்ணி. அன்றைய பட்டியல் அவ்வளவுதான். வடிதாளில் வடிகட்டித் தெளிந்த சாறு தொற்றவில்லை என்றும் அவர் எழுதியது, பின்னால் வந்த எந்தச் சோதனையோடும் ஒத்துப்போகவில்லை. பீங்கான் கேண்டில் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தும் அவர் நம்பியது காகிதத்தை.

கேண்டிலைப் பயன்படுத்தியவர் திமித்ரி இவானோவ்ஸ்கி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாணவராக இருந்தபோதே உக்ரைன், பெசராபியா பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர். 1890-ல் கிரிமியாவிலும் இதே நோயைப் பார்த்தார். 1892-ல் ரஷ்ய அறிவியல் கழகத்தில் அவர் படித்த சிறு கட்டுரையில் முக்கியமான வரி ஒன்றே ஒன்று: நோய்ச் சாறு ஷாம்பர்லான் கேண்டிலைத் தாண்டிய பிறகும் தொற்றுகிறது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் கேண்டிலில் விரிசல் இல்லை என்று பார்த்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார்.

ஆனால் இதற்கு அவர் கொடுத்த விளக்கம்? முதலாவது, பாக்டீரியா சுரந்த நஞ்சு சாற்றில் கரைந்திருக்கலாம். ரூவும் யெர்சினும் அதைத்தானே காட்டியிருந்தார்கள். இரண்டாவது, பாக்டீரியா எப்படியோ கேண்டிலின் துளைகளில் நுழைந்து வந்திருக்கலாம். கைக்குள் வந்து விழுந்த புதுமையை, பழைய பெட்டிகளில் எதில் வைக்கலாம் என்று தேடியிருக்கிறார். அவரைக் குறை சொல்வது எளிது. கையில் இருக்கும் எளிய விளக்கத்தை முதலில் தேர்வதுதான் முறையான அறிவியல். அந்த வருடத்தில் எளிய விளக்கம் நஞ்சு.

நஞ்சா, பெருகும் பொருளா என்று பிரிக்க ஒரு வழி உண்டு, அது நம் அடுப்படியிலேயே இருக்கிறது. ஒரு ஸ்பூன் உப்பை ஒரு பாத்திரத் தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாத்திரத்தில், அதிலிருந்து ஒரு ஸ்பூன் அதற்கடுத்த பாத்திரத்தில் என்று போனால், மூன்றாவது நான்காவதிலேயே உப்புக் கரிக்காது. உறைமோர் அப்படியல்ல. ஒரு ஸ்பூன் மோர் ஒரு பாத்திரப் பாலைத் தயிராக்கும். அந்தத் தயிரில் ஒரு ஸ்பூன் அடுத்த பாத்திரத்தை. பாட்டி காலத்திலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தாலும் புளிப்பு நீர்த்துப் போவதில்லை. நஞ்சு உப்பின் வகை. உயிருள்ளது மோரின் வகை. எனவே வடிகட்டிய சாற்றை ஒரு செடிக்குக் கொடுத்து, அந்தச் செடியின் சாற்றை வடிகட்டி அடுத்த செடிக்குக் கொடுத்து, தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். இதற்குத் தொடர் ஏற்றம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இதை டெல்ஃப்ட் நகரில் செய்து பார்த்தவர் மார்ட்டினஸ் பையரிங்க். அவருடைய தகப்பனார் புகையிலை வியாபாரத்தில் நொடித்துப்போனவர் என்பது விதியின் குறும்பு. பையரிங்க் ஒருகாலத்தில் வாகனிங்கனில் மாயரோடு வேலை பார்த்தவர். அப்போதே தேமல் நோயில் பாக்டீரியாவைத் தேடிக் களைத்திருந்தார். பிறகு ஒரு ஈஸ்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தை நடத்தி, பாக்டீரியா வளர்ப்பில் கைதேர்ந்தவரானார். அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சுகளில் இருந்துகொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவை 1888-ல் தனியே பிரித்து வளர்த்தவர் அவரே. இது கதைக்கு வெளியே உள்ள தகவலல்ல. ‘என்னால் வளர்க்க முடியவில்லை’ என்று யாரோ சொன்னால் அவர் திறமையைச் சந்தேகிக்கலாம். பையரிங்க் சொன்னால், அது வளராத ஜாதி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவானோவ்ஸ்கியின் கட்டுரை தெரியாமலேயே 1898-ல் பையரிங்க் எழுதியது இதுதான். கேண்டிலைக் கடந்த சாற்றில் ஒரு துளி, எத்தனையோ இலைகளில் நோயைத் தருகிறது. அந்த இலைகளின் சாறு மேலும் எண்ணற்ற செடிகளில் தருகிறது. வீரியம் நீர்க்கவில்லை. எனவே நஞ்சல்ல, செடிக்குள் பெருகுகிறது. ஆனால் வடிகட்டிய சாற்றைச் சும்மா வைத்திருந்தால் அதில் எதுவும் பெருகுவதில்லை, சத்துக்கூழிலும் இல்லை. செடியிலும்கூட, முற்றிய இலைகள் தப்பித்துவிடுகின்றன; செல்கள் பிரிந்து வளர்ந்துகொண்டிருக்கும் இளம் இலைகளில்தான் தேமல் விழுகிறது. எனவே இது தானாகப் பெருகும் ஜீவன் அல்ல. உயிருள்ள செல்லின் பெருக்கத்துக்குள் புகுந்து, அதோடு சேர்த்துத் தன்னையும் பெருக்கிக்கொள்கிறது.

இந்தக் கடைசி வாக்கியம் 1898-ல் எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மரபணு என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

அடுத்த அடியில் அவருக்குச் சறுக்கியது. நோய்ச் சாற்றைக் கெட்டியான அகர் கூழின் மேல் விட்டுச் சில நாள் வைத்தார். மேற்பரப்பைக் கழுவி, சீவி எறிந்துவிட்டு, அடியிலிருந்த அடுக்கை எடுத்துச் செடியில் ஏற்றினார். நோய் வந்தது. கூழுக்குள் ஊடுருவியிருக்கிறது! துகளாக இருந்தால் மேலேயே தங்கியிருக்கும், கரைந்த பொருள்தான் ஊடுருவும் என்று முடிவு கட்டினார். ஆகவே அது ‘உயிருள்ள தொற்றுத் திரவம்’. அதை அவர் வைரஸ் என்றே குறிப்பிட்டார். நஞ்சு என்று பொருள்படும் அந்தப் பழைய லத்தீன் சொல்லையொட்டித்தான் தமிழில் நச்சுயிரி என்று எழுதுகிறோம். சோதனை சரி, அனுமானம் தவறு. துகள் போதிய அளவு சிறியதாக இருந்தால் அதுவும் கூழுக்குள் மெல்ல இறங்கும். எவ்வளவு சிறியது என்று கற்பனை செய்ய அன்று அளவுகோல் இல்லை.

அதே 1898-ல் ஜெர்மனியில் மாடுகளின் கோமாரி நோயை ஆராய்ந்த ஃபிரெடரிக் லோஃப்லரும் பால் ஃப்ரோஷும் இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தார்கள். அவர்கள் தேடியது தடுப்பு மருந்து. வாய்க் கொப்புளத்து நீரிலிருந்து பாக்டீரியாவை நீக்கிவிட்டால் எஞ்சுவதை மருந்தாக்கலாமா என்று பார்க்க, அதை நுண்பாசி மண்ணாலான வடிகட்டியில் வடித்துக் கன்றுகளுக்குச் செலுத்தினார்கள். வடிகட்டாத நீரைப் பெற்ற கன்றுகளைப் போலவே இவையும் நோயில் விழுந்தன. இவர்களும் தொடர் ஏற்றம் செய்தார்கள். அத்தோடு ஒரு கணக்கும் போட்டார்கள்: இது நஞ்சாக இருந்தால், இத்தனை முறை நீர்த்த பிறகும் கன்றைச் சாய்க்க வேண்டுமானால், அன்று அறியப்பட்டவற்றில் மிகக் கொடியதான டெட்டனஸ் நஞ்சைவிடப் பன்மடங்கு கொடியதாக இருக்க வேண்டும். நம்பும்படியாக இல்லை. பெருகுகிறது என்பதே பொருத்தம். இன்னும் நுண்ணிய துளைகள் கொண்ட வேறொரு வடிகட்டியில் அது சிக்கிக்கொண்டது என்பதையும் லோஃப்லர் கண்டார். கரைந்த பொருள் வடிகட்டியில் சிக்காது. எனவே துகள்தான்.

அவர்கள் தவறியது வேறிடத்தில். அதை மிக மிகச் சிறிய, ஆனால் மற்றபடி சாதாரணமான கிருமி என்று நினைத்தார்கள். தாமே டிப்தீரியா பாக்டீரியாவை 1884-ல் வளர்த்துக் காட்டிய லோஃப்லருக்கு அப்படித் தோன்றியது இயல்பு.

ஆக, துகள் என்பதில் லோஃப்லர் சரி, பையரிங்க் தவறு. செல்லுக்குள் மட்டுமே பெருகும் தனி இனம் என்பதில் பையரிங்க் சரி, லோஃப்லர் தவறு. வைரஸைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு ரஷ்யர்கள் இவானோவ்ஸ்கி என்பார்கள், டச்சுக்காரர்கள் பையரிங்க் என்பார்கள். சோதனையின் முன்னுரிமையைப் பையரிங்க்கே இவானோவ்ஸ்கிக்கு விட்டுக்கொடுத்து எழுதிவிட்டார். இவானோவ்ஸ்கியோ அதற்குப் பிறகும் பாக்டீரியாவைக் கைவிடவில்லை. என்னைக் கேட்டால் பையரிங்க் பக்கம்தான் சாய்வேன். கேண்டிலைத் தாண்டி வந்ததைப் பார்த்தவர்கள் மூன்று தரப்பினர். பட்டியலில் இல்லாத ஒன்று இது என்று சொல்லத் துணிந்தவர் அவர் ஒருவர். தவறான பெயரோடு சொன்னார் என்பது சின்னக் குறை.

அதன் பிறகு ‘வடிகட்டியைக் கடக்கும் வைரஸ்’ என்ற தலைப்பின் கீழ் நோய்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. கியூபாவில் வால்டர் ரீடின் குழு 1901-ல் மஞ்சள் காய்ச்சலைச் சேர்த்தது. மனித நோய்களில் அதுவே முதல். 1908-ல் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் இளம்பிள்ளை வாதத்தை. 1911-ல் பெய்டன் ரௌஸ், கோழிக்கு வரும் ஒருவகைப் புற்றுக் கட்டியை; அதை நம்ப உலகம் எடுத்துக்கொண்ட காலத்தை, 1966-ல் அவருக்கு வந்த நோபல் பரிசு சொல்லும். இன்ஃப்ளூயன்சா மட்டும் நீண்டகாலம் ஏமாற்றியது. 1892-ல் ரிச்சர்ட் ஃபைஃபர் அதன் காரணம் என்று ஒரு பாக்டீரியாவைக் காட்டிவிட்டதால், 1918-ன் கொள்ளைநோயின்போது கோடிக்கணக்கானோர் மடிந்துகொண்டிருக்க, பலரும் அந்த பாக்டீரியாவையே தேடிக்கொண்டிருந்தார்கள். மனித ஃப்ளூவின் வைரஸ் சிக்கியது 1933-ல்.

கவனித்தால், வைரஸின் இலக்கணம் அப்போது முழுக்க எதிர்மறை. நுண்ணோக்கியில் தெரியாது. கூழில் வளராது. வடிகட்டியில் நிற்காது. மூன்று ‘இல்லை’களைச் சேர்த்தால் ஒரு ‘உண்டு’ வந்துவிடுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், நியாயமாகவே.

முதல் நேர்மறைச் சாட்சி பாக்டீரியாக்களிடமிருந்தே வந்தது. பிரெடரிக் ட்வார்ட் 1915-லும் ஃபெலிக்ஸ் தெரெல் 1917-லும், பாக்டீரியாவையே கொல்லும் வைரஸ்களைக் கண்டார்கள். பாக்டீரியா விழுங்கி என்று இவற்றைச் சொல்கிறோம். கூழ்த் தட்டில் பாக்டீரியா படலமாகப் பரவி வளர்ந்திருக்க, இந்த வைரஸ் பட்ட இடங்களில் வட்ட வட்டமாக வெறுமை விழும். இங்கேதான் பையரிங்கின் திரவக் கொள்கை முடிந்தது. வைரஸ் கரைந்த திரவமென்றால், அதைப் பத்து மடங்கு நீர்த்தால் படலம் முழுவதும் ஒரே சீராகப் பாதிப்புக் குறைய வேண்டும். நடந்தது அதுவல்ல. வட்டங்களின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைந்தது. ஒவ்வொரு வட்டமும் முன்போலவே முழுதாக இருந்தது. எண்ண முடிகிற ஒன்று திரவமாக இருக்க முடியாது. ஒரு வட்டத்துக்கு ஒரு துகள் காரணம். 1929-ல் பிரான்சிஸ் ஹோம்ஸ் புகையிலை இனச் செடியொன்றின் இலையில் விழும் புள்ளிகளை எண்ணி இதே முறையைத் தேமல் வைரஸுக்கும் கொண்டுவந்தார். பார்க்காத பொருளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

அளக்கவும் தொடங்கினார்கள். 1931-ல் லண்டனில் வில்லியம் எல்ஃபோர்ட், துளையின் அளவைத் தாமே தீர்மானிக்கும்படியான மெல்லிய சவ்வுகளைத் தயாரித்தார். எந்தச் சவ்வில் எந்த வைரஸ் நின்றுபோகிறது என்று பார்த்தால் அதன் பருமன் ஏறக்குறையத் தெரியும். நுண்ணோக்கி ஏன் தோற்றது என்பதும் இப்போது கணக்காகவே புரிந்தது. ஒளியைக் கொண்டு பார்க்கும் எந்தக் கருவியும் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பிரித்துக் காட்டாது. ஒளி அலையின் நீளமே தடை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சராசரி பாக்டீரியா ஆயிரம் நானோமீட்டர். பெரும்பாலான வைரஸ்கள் தடைக்கு வெகு கீழே. அம்மை இன வைரஸ் மட்டும் விளிம்பில் நிற்கும் அளவு பெரியது. எடின்பரோவில் ஜான் புயிஸ்ட் 1886-லேயே சாயமேற்றி அதைப் புள்ளிகளாகப் பார்த்துவிட்டார். ஆனால் பாக்டீரியாவின் வித்துகள் என்று எண்ணிக்கொண்டார்.

1935-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் வெண்டல் ஸ்டான்லி என்ற வேதியியலாளர், தேமல் பிடித்த புகையிலை இலைகளை ஒரு டன் அளவுக்குச் சேர்த்து, சாறெடுத்து, புரதங்களைப் பிரிக்கும் வழக்கமான வேதி முறைகளில் சுத்தப்படுத்தினார். கடைசியில் கிடைத்தது ஊசி ஊசியான படிகங்கள். கரைத்து மீண்டும் படிகமாக்கினாலும் வீரியம் அப்படியே இருந்தது. சீசாவில் போட்டு மூடிவைக்கக்கூடிய, உப்பையும் சர்க்கரையையும் போலப் படியக்கூடிய ஒரு பொருள், இலையில் தேய்த்ததும் பெருகுகிறது! பத்திரிகைகள் உயிருக்கும் ஜடத்துக்கும் நடுவே இருந்த கோடு அழிந்துவிட்டதாக எழுதின. ஸ்டான்லிக்கு 1946-ல் நோபல் பரிசு கிடைத்தது. தேமல் வைரஸ் முழுக்க முழுக்கப் புரதம் என்று அவர் சொன்னதை மட்டும் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் பாடனும் நார்மன் பிரியும் அடுத்த இரண்டே ஆண்டுக்குள் திருத்திவிட்டார்கள். அதில் பாஸ்பரஸ் இருக்கிறது, ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் ஆர்.என்.ஏ. என்ற உட்கரு அமிலம் இருக்கிறது என்றார்கள்.

1939-ல் படமும் வந்தது. எர்ன்ஸ்ட் ரூஸ்கா வடிவமைத்த எலக்ட்ரான் நுண்ணோக்கியில், ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, அவர் தம்பி ஹெல்முட் ரூஸ்காவும் அவரோடு வேறு இருவரும் தேமல் வைரஸைப் பார்த்தார்கள். மெல்லிய குச்சிகள், நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் 18. வடிகட்டியையும் சவ்வையும் வைத்துச் சொன்னவற்றுக்குப் படம் ஒப்புதல் கொடுத்தது, அவ்வளவே. வைரஸ் உண்டா என்று அதற்குள் யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியிருந்தது, பெருகுவது எது என்று. 95 சதவீதம் புரதமா, மிச்சமிருக்கும் ஆர்.என்.ஏ.வா? 1956-ல் ஜெர்மனியின் டூபிங்கனில் ஆல்ஃபிரட் கீரரும் கெர்ஹார்ட் ஷ்ராமும் ஃபீனால் கொண்டு தேமல் வைரஸின் புரதத்தை உரித்தெடுத்துவிட்டு, வெறும் ஆர்.என்.ஏ.வைப் புகையிலை இலையில் தேய்த்தார்கள். நோய் வந்தது. வைரஸ் புரதத்தை முடக்கும் எதிர்ச்சீரத்தை முன்கூட்டியே கலந்து பார்த்தார்கள், அப்போதும் வந்தது. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைக் கலந்தபோது வரவில்லை. நோய் கண்ட இலைகளிலிருந்து எடுத்த புதிய வைரஸ்களிலோ, உரித்தெறிந்த அந்தப் புரத உறை குறையில்லாமல் இருந்தது. அதைத் தைத்துக் கொடுத்தது புகையிலைச் செல்.